சுபாங்கிலிருந்து பினாங்கு: 280 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம்?



ஆறாம் ஆண்டு அறிவியலில் வேகம் என்ற பாடம் வந்ததும் நாம் தவறாமல் எழுதிப் போடும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரு விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. சுபாங்கிலிருந்து பினாங்கு 280 கி.மீ. பயண நேரம் எவ்வளவு?" பிள்ளைகள் 280-ஐ 500-ஆல் வகுப்பார்கள். ஏறக்குறைய 34 நிமிடம் என்று வரும். சரி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

விமானத்தில் போய் வந்த பிள்ளை யாராவது வகுப்பில் இருந்தால்தான் சிக்கல். "டீச்சர், நாங்க பாட்டி வீட்டுக்குப் போனப்போ டிக்கெட்டுல ஒரு மணி நேரத்துக்கு மேல போட்டிருந்துச்சே, அப்ப எது தப்பு?" என்று கேட்கும். "அது நிஜம், இது கணக்கு" என்று சொல்லி உட்கார வைப்பது சுலபம். ஆனால் அந்தப் பதிலில் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது என்ன? பள்ளிக்கூடத்துக் கணக்கு வெளியே செல்லாது என்பதைத்தான். உண்மையில் கணக்கும் தப்பில்லை, டிக்கெட்டும் தப்பில்லை. கேள்வியில் நாம் விட்டுவிட்ட சில விஷயங்களைச் சேர்த்துக்கொண்டால் இரண்டும் ஒன்றாக வந்து நிற்கும். அதை எப்படிச் செய்வது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த 280 எங்கிருந்து வந்தது?

சாலை வழியாகக் கோலாலம்பூரிலிருந்து பினாங்கு ஏறக்குறைய 350 கி.மீ. விமானக் கணக்கில் பலரும் இந்த எண்ணையே போட்டுவிடுகிறார்கள். விமானத்துக்கு தாப்பாவும் இல்லை, ஈப்போவும் இல்லை. அது நேர்க்கோட்டுக்குப் பக்கமாகப் போகும். அந்தத் தூரத்தை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

சுபாங் விமான நிலையம் வடக்கு அட்சரேகை 3.13 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 101.55 பாகை. பாயான் லெப்பாஸில் இருக்கும் பினாங்கு விமான நிலையம் வடக்கு 5.30, கிழக்கு 100.28. வடக்கு நோக்கி வித்தியாசம் 2.17 பாகை, மேற்கு நோக்கி 1.27 பாகை. ஒரு பாகை ஏறக்குறைய 111 கி.மீ. ஆக வடக்கே 241 கி.மீ., மேற்கே 141 கி.மீ. தீர்க்கரேகையில் ஒரு பாகைக்கான தூரம் துருவத்தை நோக்கிப் போகப் போகக் குறையும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே அந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. இலண்டனில் இப்படிச் செய்ய முடியாது!

படிவம் 1 மாணவர்கள் என்றால் பைத்தகோரஸ் தேற்றத்தைப் போடச் சொல்லுங்கள்: 279 கி.மீ. வரும். ஆறாம் ஆண்டுக்கு அது வேண்டாம். 241-ஐயும் 141-ஐயும் அளவுத்திட்டப்படி கட்டத்தாளில் வரைந்து, மூலைவிட்டத்தை அடிக்கோலால் அளந்தால் போதும். 280-க்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அந்த 111 எப்படி வந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. விமானிகளும் மாலுமிகளும் தூரத்தைக் கடல் மைலில் அளக்கிறார்கள். அட்சரேகையில் ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. 60-ஆல் பெருக்கிப் பாருங்கள். வேகத்துக்கு அவர்கள் சொல்லும் 'நாட்' என்பதும் இதே கணக்குதான்: மணிக்கு ஒரு கடல் மைல்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் எதிலிருந்து எதுவரை?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. புறப்படும் நேரம் 9.00 என்றால், 9.00 மணிக்கு விமானம் மேலே எழும்பும் என்று பெரியவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. நிற்கும் விமானம் உருண்டுவிடாமல் இருக்கச் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்து, விமானம் தன் இடத்தை விட்டு நகரத் தொடங்கும் நேரம்தான் புறப்படும் நேரம். போய்ச் சேரும் நேரம் என்பதும் சக்கரம் தரையைத் தொடும் நேரம் அல்ல. அந்த ஊரில் உரிய இடத்தில் நின்று, மறுபடி கட்டை வைக்கும் நேரம். விமானத் துறையில் இதை 'பிளாக் டைம்' என்கிறார்கள். பிளாக் என்பது அந்தக் கட்டைதான்.

ஆக டிக்கெட்டில் உள்ள நேரத்துக்குள் தரையில் ஊர்ந்து போகும் நேரமும் இருக்கிறது, ஓடுபாதை முனையில் முறைக்காகக் காத்திருக்கும் நேரமும் இருக்கிறது. சின்னச் சின்னத் தாமதத்தைச் சமாளிக்க நிறுவனங்கள் கொஞ்சம் நேரத்தைக் கூடுதலாகச் சேர்ப்பதும் உண்டு. "பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்" என்று சில நாள் அறிவிப்பது இதனால்தான்.

அடுத்தது ஏறுவதும் இறங்குவதும். 500 கி.மீ. என்பது உயரே போய்ச் சமமாகப் பறக்கும்போது உள்ள வேகம். சுபாங்–பினாங்கு வழியில் ஃபயர்ஃபிளை பல ஆண்டுகளாக ஓட்டி வரும் ஏ.டி.ஆர். 72 ரகம், அதாவது வெளியே சுழலும் விசிறி உள்ள விமானம், அந்த வேகத்தில்தான் பறக்கும். எழும்பிய உடனே அது 500-ஐப் பிடித்துவிடாது. இறங்குவதற்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைக்கவும் வேண்டும்.

விமானமே பார்க்காத பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது? நம் வகுப்புகளில் அப்படிப்பட்ட பிள்ளைகள்தான் அதிகம், அதனால் விமானத்தில் தொடங்கவே வேண்டாம். பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகளுக்கு மோனோரயில் இருக்கிறது. கே.எல். சென்ட்ரலில் ஏறினால் அடுத்தது துன் சம்பந்தன் நிலையம். வேகம் பிடிக்கிறது, பிடித்ததும் உடனே பிரேக் போட ஆரம்பிக்கிறது. அதன் முழு வேகத்தை அந்தத் தூரத்தில் பார்க்கவே முடியாது. கிள்ளான் பிள்ளைகளுக்கு கொமுட்டர் ரயிலைச் சொல்லலாம். சுபாங்–பினாங்கு என்பது விமானத்துக்கு அப்படி ஒரு அடுத்த நிலையம் மாதிரிதான்.

மூன்றாவது, திரும்புவது. இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விவரம் இருக்கிறது. ஓடுபாதைகளுக்குத் திசையை வைத்தே எண் கொடுக்கிறார்கள். 330 பாகை நோக்கி ஓடும் பாதைக்கு 33 என்று பெயர். அதே பாதையில் எதிர்ப்பக்கமாக ஓடினால் 150 பாகை, அதற்கு 15. சுபாங்கின் ஓடுபாதை 15/33. இப்போது நாம் வரைந்த கட்டத்தாளை எடுத்து, சுபாங்கிலிருந்து பினாங்கு எந்தத் திசை என்று கோணமானியால் அளக்கச் சொல்லுங்கள். வடக்கிலிருந்து மேற்குப் பக்கம் 30 பாகை சாய்ந்து நிற்கும். அதாவது 330! ஓடுபாதை 33-இல் எழும்பும் விமானத்தின் மூக்கு நேராகப் பினாங்கைத்தான் பார்க்கிறது.

ஆனால் விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்ப விரும்பும். காற்று தென்கிழக்கிலிருந்து வீசும் நாளில் அது 15-ஐப் பயன்படுத்தி, பினாங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழும்பி, சுற்றித் திரும்ப வேண்டும். பினாங்கின் ஓடுபாதையோ 04/22. எந்தப் பக்கம் இறங்கினாலும் நேராகப் போய் உட்கார முடியாது, வளைந்துதான் ஆக வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரம் "முன்னால் ஒரு விமானம் இறங்குகிறது, கொஞ்சம் சுற்றி வா" என்று சொன்னால் அதுவும் சேரும். கட்டத்தாளில் இருக்கும் 280 கி.மீ. வானத்தில் 280 ஆக இருப்பதில்லை.

எல்லாவற்றையும் சேர்த்துப் போடுவோம். இவை வகுப்புக்காக நான் எடுத்துக்கொண்ட தோராய எண்கள். வளைவுகளுக்காக 30 கி.மீ. சேர்த்து மொத்தம் 310 கி.மீ. ஏறும்போது 15 நிமிடம், சராசரி வேகம் மணிக்கு 360: அது 90 கி.மீ. இறங்கும்போதும் அதே மாதிரி 15 நிமிடம், 90 கி.மீ. மீதி 130 கி.மீ.-ஐ 500 வேகத்தில் பறந்தால் 16 நிமிடம். வானத்தில் மொத்தம் 46 நிமிடம். புறப்படும் இடத்தில் தரையில் ஊர்ந்து, காத்திருந்து 12 நிமிடம், பினாங்கில் 5 நிமிடம். கூட்டினால் 63 நிமிடம். அட்டவணையில் ஒரு மணி நேரத்தை ஒட்டியோ கொஞ்சம் கூடவோதான் போட்டிருப்பார்கள். இப்போது சொல்லுங்கள், கணக்கு வெளியே செல்லவில்லையா?

இன்னொன்றையும் கவனியுங்கள். 500 வேகத்தில் அந்த விமானம் பறந்தது மொத்தப் பயணத்தில் 16 நிமிடம்தான். ஒரு மணிக்கு மேலான பயணத்தில் கால்வாசிகூடச் சரியாக வரவில்லை.

ஜெட் விமானம் என்றால் சீக்கிரம் போகுமே?

போக வேண்டும்தான். சிப்பாங்கில் உள்ள கே.எல்.ஐ.ஏ.விலிருந்து பினாங்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 325 கி.மீ. ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் உயரே மணிக்கு 830 கி.மீ. வரை பறக்கும். வகுத்தால் 23 நிமிடம். அட்டவணையைப் பார்த்தால் அதுவும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்! விசிறி விமானத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வேகம், ஆனால் கைக்கு வந்த லாபம் ஒன்றுமில்லை.

காரணம் பாதி நமக்கு ஏற்கெனவே தெரியும். 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ.-ஐத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. மீதிக் காரணம் இடம். கே.எல்.ஐ.ஏ. மிகப் பெரிய நிலையம், தரையில் ஊர்ந்து போகவே நேரம் ஆகும். 1965-இல் திறந்த சுபாங்தான் 1998 வரை நாட்டின் முதன்மை நிலையமாக இருந்தது. கே.எல்.ஐ.ஏ. வந்ததும் பெரிய விமானங்கள் அங்கே போய்விட்டன. 2007-இலிருந்து சிறு விமானங்களின் நிலையமாகச் சுபாங் மறுபடி சுறுசுறுப்பானது, 2024 ஆகஸ்டில் பயணிகள் ஜெட் சேவையும் திரும்ப வந்தது.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல டாக்சி மீட்டர்தான் நல்ல உதாரணம். ஏறி உட்கார்ந்ததுமே மீட்டரில் ஒரு தொகை நிற்கும், வண்டி ஒரு அடி நகராவிட்டாலும் அது உண்டு. பிறகுதான் தூரத்துக்கு ஏற்ற காசு. விமானப் பயணத்திலும் அப்படி ஓர் ஆரம்ப நேரம் இருக்கிறது. ஊர்வது, ஏறுவது, இறங்குவது, வளைவது எல்லாம் சேர்ந்து அரை மணியிலிருந்து முக்கால் மணி. பக்கத்து ஊருக்குப் போனாலும் அதே நேரம்தான், தூரத்து ஊருக்குப் போனாலும் ஏறக்குறைய அதேதான்.

தூரத்து ஊர் என்றால் நம் பிள்ளைகளுக்குத் திருச்சி. கிள்ளானில் விமானத்தில் எங்கே போனாய் என்று கேட்டால் லங்காவிக்கு அடுத்து அந்தப் பெயர் வரும். கே.எல்.ஐ.ஏ.விலிருந்து திருச்சி ஏறக்குறைய 2,690 கி.மீ. மணிக்கு 830 என்று வகுத்தால் 3 மணி 14 நிமிடம். அட்டவணை நேரம் ஏறக்குறைய 4 மணி. இடைவெளி 46 நிமிடம். சுபாங்–பினாங்கில் இடைவெளி அரை மணி. ஆனால் அந்த அரை மணி மொத்த நேரத்தில் பாதி, இந்த 46 நிமிடம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால்தான் சராசரி வேகம் பினாங்குக்கு மணிக்கு 260-க்குள் நிற்கிறது, திருச்சிக்கு 670-ஐத் தாண்டுகிறது. அட்டவணையில் இருக்கும் நேரத்தை வைத்து நான்கைந்து ஊர்களின் சராசரி வேகத்தைக் கண்டுபிடித்து, தூரத்துக்கு எதிராக வரைபடமாக்கச் சொன்னால் பிள்ளைகளே இதைப் பிடித்துவிடுவார்கள்.

கடிகாரம் செய்யும் குழப்பம்

திருச்சி என்று வந்துவிட்டதால் நேர மண்டலத்தை விட முடியாது. ஆறாம் ஆண்டுக் கணிதத்தில் அது இருக்கிறது, பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடமும் அதுவே. கோலாலம்பூரில் காலை 9.00-க்குப் புறப்பட்ட விமானம் திருச்சியில் 10.30-க்குப் போய்ச் சேர்கிறது. கழித்துப் பார்த்து ஒன்றரை மணி என்று எழுதும் பிள்ளையிடம் "தப்பு" என்று சொல்லாதீர்கள். "சரி, அப்போ வேகம் என்ன?" என்று கேளுங்கள். 2,690-ஐ 1.5-ஆல் வகுத்தால் மணிக்கு 1,790 கி.மீ. கடல்மட்டத்தில் ஒலியின் வேகமே மணிக்கு 1,235 கி.மீ. அளவுதான். பயணிகள் விமானம் ஒலியை முந்தாது என்று பிள்ளைக்கே சந்தேகம் வந்துவிடும். விடை நடக்கக்கூடியதா என்று தானே சோதிக்கும் அந்தப் பழக்கம், நூறு பயிற்சித்தாளைவிட மேல் என்பது என் கருத்து.

நம் நேரம் இந்திய நேரத்தைவிட 2 மணி 30 நிமிடம் முன்னால். ஆகவே அங்கே 10.30 என்றால் இங்கே மதியம் 1.00. பயணம் 4 மணி. திரும்பி வரும்போது திருச்சியில் காலை 11.30-க்கு ஏறினால் இங்கே மாலை 6.00. கடிகாரப்படி ஆறரை மணி! இரண்டு பயணத்தையும் சேர்த்து வைத்து ஒரு வேடிக்கை காட்டலாம். ஒன்றரையும் ஆறரையும் கூட்டினால் 8, பாதி 4: அது பயண நேரம். கழித்தால் 5, பாதி இரண்டரை: அது நேர வித்தியாசம். நேர மண்டலம் தெரியாமலேயே டிக்கெட்டிலிருந்து இரண்டையும் கண்டுபிடித்துவிட்டோம். போகும்போதும் வரும்போதும் ஒரே அளவு நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால்தான் இது சரியாக வரும். உயரத்தில் வீசும் காற்று ஒரு பக்கம் தள்ளிவிடும், மறுபக்கம் தடுக்கும். அதனால் சில நிமிடங்கள் முன்பின் ஆகலாம்.

ஊரில் பெரியவர்கள் யாராவது "அந்தக் காலத்துல ரெண்டு மணி நேரந்தான் வித்தியாசம்" என்று சொன்னால் அதை மறுக்க வேண்டாம். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்து, சபா, சரவாக் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. அதற்கு முன்பு இரண்டு மணிதான்.

வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை

இந்தக் கணக்கு தேர்வுக்கு மட்டும் அல்ல. பினாங்குப் பக்கம் ஒரு துக்கச் செய்தி வருகிறது என்று வையுங்கள். மாலை நான்கு மணிக்கு எடுக்கப் போகிறார்கள். காலை எட்டு மணிக்குச் செய்தி கிடைக்கிறது. "பிளேன்ல போனா ஒரு மணி நேரந்தானே" என்று வீட்டில் ஒருவர் சொல்வார். எல்லாரும் அதை நம்பிவிடுவார்கள். கடைசியாக முகம் பார்க்க முடியுமா முடியாதா என்பது அந்த 'ஒரு மணி நேரம்' எதிலிருந்து எதுவரை என்பதில் இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கணக்குப் போடுவோம். கே.எல். சென்ட்ரலுக்கு நடந்து, ரயிலுக்குக் காத்திருக்க 25 நிமிடம். கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் முதல் முனையத்துக்கு 28 நிமிடம், இரண்டாம் முனையத்துக்கு 33. ஏறக்குறைய 30 என்போம். விமானத்துக்கு 75 நிமிடம் முன்னால் இருக்க வேண்டும். விமானம் 60. வெளியே வர 20. பாயான் லெப்பாஸிலிருந்து பாலம் தாண்டி பட்டர்வொர்த் போக 50. மொத்தம் 260 நிமிடம், 4 மணி 20 நிமிடம். இடிஎஸ் ரயில் கே.எல். சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு நான்கு மணிக்குச் சற்று மேல். முன்பின் காத்திருப்பையும் நடையையும் சேர்த்தால் ஏறக்குறைய ஐந்து மணி. விமானமே வெல்கிறது, ஆனால் மூன்று மணி நேரத்தில் அல்ல, முக்கால் மணியில். ஜார்ஜ் டவுன் வீடு என்றால் இடைவெளி கூடும். ரயிலில் போகிறவர் பிறகு ஃபெரி ஏற வேண்டும்.

கிள்ளானில் கதையே வேறு. சிப்பாங் தூரம், சுபாங் பக்கம். காரில் சுபாங்குக்கு 40 நிமிடம், முன்கூட்டி இருக்க 60, விமானம் 65, வெளியே வர 20, பட்டர்வொர்த்துக்கு 50: மொத்தம் 3 மணி 55 நிமிடம். அதே வீட்டிலிருந்து நெடுஞ்சாலையில் நேரே ஓட்டினால், நெரிசல் இல்லாத நாளில் நான்கு மணியிலிருந்து நாலரை மணி. நாலு பேர் போக வேண்டும், அன்றைக்கே டிக்கெட் வாங்க வேண்டும் என்றால் நான் காரைத்தான் சொல்வேன். அடுத்த விமானம் எத்தனை மணிக்கு என்பதை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பதையும் பாருங்கள். பதினொரு மணிக்குத்தான் அடுத்த விமானம் என்றால் இந்த 3 மணி 55 நிமிடத்துக்கு அர்த்தமே இல்லை.

மேலே உள்ள எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பள்ளி வாசலிலிருந்து பிள்ளைகளே எண்களைத் தேடி எடுக்கட்டும். தூரத்துக்குக் கட்டத்தாளும் அடிக்கோலும், நேரத்துக்கு அன்றைய அட்டவணை. வெண்பலகையில் நீங்கள் எழுத வேண்டியது ஒரு கேள்வி மட்டும்தான். அந்தப் பழைய கேள்வியையே கொஞ்சம் மாற்றி இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "சுபாங்கிலிருந்து பினாங்கு 280 கி.மீ. விமானம் உயரே மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். ஆனால் அட்டவணையில் 1 மணி 5 நிமிடம் என்று இருக்கிறது. மீதி 31 நிமிடம் எங்கே போனது?"